ஒன்றாம் நம்பர் ஓநாய்

ஆயுத பூஜை முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள், டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், பிரவீனா ஓநாய் ஆனாள். ஆக வேண்டும் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் கண்ணப்பன் மூச்சிரைக்க ஓடி வந்து, சந்தனம் குங்குமம் அப்பிய ஒரு கழுத்துப்பட்டையை அவள் கையில் திணித்து, "நட!" என்றார். அவளும் நடந்தாள். காண்ட்ராக்டில் இருப்பவளை நட என்றால் நடக்க வேண்டியதுதான். எதற்கு, எங்கே என்று கேள்வி கேட்டவர்களை அடுத்த மாதம் அந்த லைனில் பார்க்க முடியாது.

நடப்பதுதான் அவளுடைய வேலையும். ஒரகடத்தில் அந்தக் கம்பெனி, லாரியும் டாக்சியும் எங்கே போகின்றன என்று காட்டும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தது. லைனிலிருந்து இறங்கும் கருவிகளில் நாலைந்தைக் கூடையில் போட்டுக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றி வருவாள் பிரவீனா. உள்ளே கம்ப்யூட்டரில் புள்ளி நகர்ந்தால் கருவி பாஸ். இப்படி மூன்று வருஷமாக லாரியாகவும் டாக்சியாகவும் நடந்தவளுக்கு ஓநாயாக நடப்பதில் புதிதாக என்ன வெட்கம்?

ஓநாய்க்கும் ஒரகடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஐரோப்பாவில் எங்கோ ஒரு மலைத்தொடர். அங்கே திரியும் ஓநாய்கள் எந்த முகட்டில் ஏறி எந்தப் பள்ளத்தாக்கில் இறங்குகின்றன, ஒரு கூட்டத்தின் எல்லை எங்கே முடிந்து அடுத்த கூட்டத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் ஆராய்கிறார் ஒரு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஓநாய் படித்த டாக்டர். கழுத்தில் கட்டி அனுப்ப மலிவான கருவி வேண்டும் என்று தேடித் தேடி, மெயிலிலேயே ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தார். முதலில் அரை டஜன் பட்டை, பிடித்துப்போனால் பெரிய ஆர்டர் என்று பேச்சு. அவரை மயக்க நம் சாப்ட்வேர்க்காரர்கள் ஒரு வித்தை செய்தார்கள். முதல் பட்டையில் மட்டும் இடக்கணக்கை அந்த மலைக்குத் தள்ளி வைத்து, ஒரகடத்தில் நடந்தால் அவருடைய மலையில் நடப்பதுபோல வரைபடத்தில் தெரியும்படி செய்தார்கள். செய்து காட்டிக் கைதட்டலும் வாங்கினார்கள். பிறகு அதைப் பழையபடி மாற்ற மறந்துபோனார்கள்.

மறதி அவர்களோடு நிற்கவில்லை. கண்ணப்பன் பிள்ளைப்பாக்கத்தில் நெல் அளந்த குடும்பம். களத்தில் முதல் மரக்கால் சாமிக்கு என்ற பழக்கத்தை, நிலத்தை விற்ற பிறகும் அவர் விடவில்லை. புது மாடல் எது இறங்கினாலும் முதல் பீஸ் அம்மன் படத்துக்கு முன்னால் போய் உட்காரும். ஆயுத பூஜை முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது. பட்டைக்கும் அதே சட்டம். ஆனால் அனுப்புகிற பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? கண்காட்சிக்கு வைத்திருந்த வெறும் பிளாஸ்டிக் கூட்டில் ஒன்றாம் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி அந்தக் குழியில் வைத்து அனுப்பிவிட்டார். பூஜை ஆனதும் அசலைக் கூரியரில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். பொரியும் சுண்டலும் சாப்பிட்டதில் அதுவும் மறந்துவிட்டது.

டாக்டரும் பாவம், திரையில் ஒன்றாம் நம்பர் புள்ளி தன் மலையிலேயே மின்னுவதைப் பார்த்துவிட்டு, வெறும் கூட்டை ஒரு பெண் ஓநாயின் கழுத்தில் கட்டிவிட்டார். அது துள்ளி ஓடிவிட்டது. புள்ளி மட்டும் அம்மன் படத்துக்கு முன்னால் அசையாமல் இருந்தது. கழுத்தில் கட்டியாயிற்று என்று பதிந்த பிறகு பட்டை ஒரு நாள் முழுக்க அசையாவிட்டால் தானாகவே 'மரணம்' என்று செய்தி அனுப்பும். அனுப்பியது. பிணத்தைத் தேடி ஆட்களை மலைக்கு அனுப்புகிறேன், ஆர்டரைப் பிறகு பேசலாம் என்று டாக்டர் மெயில் போட, அதைப் படித்துவிட்டுத்தான் கண்ணப்பன் ஓடி வந்தார்.

பிரவீனா காம்பவுண்டை ஒரு சுற்று சுற்றியதும் மலையில் ஓநாய் எழுந்து நடந்தது. டாக்டர் ஆனந்தக் கண்ணீரோடு பதில் எழுதினார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கண்ணப்பன் யோசித்திருக்கலாம். யோசித்த மாதிரி தெரியவில்லை.

"பிரவீனா, இனிமே உனக்கு இதான் டூட்டி. தினம் நடக்கணும். பெரிய ஆர்டர் மட்டும் வந்துச்சுன்னு வெச்சுக்கோ, உன்ன பர்மனெண்ட் பண்றதுக்கு நானே மேல பேசறேன்" என்றார்.

"நெஜமாவா சார்?"

"பாக்கலாம்" என்றார்.

பர்மனெண்ட் என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவள் எந்த மிருகமாகவும் நடந்திருப்பாள். புருஷன் இளம்பரிதி, புதுக் கார்களை ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறவன். வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்காகும். காண்ட்ராக்ட் வேலை மாதா மாதம் புதுப்பிப்பது. பேக்கிங்கில் இருந்த காவேரிக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவளைப் புதுப்பிக்கவில்லை. யாரும் திட்டவில்லை, துரத்தவில்லை. ஒரு நாள் கேட்டில் கார்டைத் தேய்த்தாள், விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். பிரவீனாவுக்கும் அப்போது நாள் தள்ளிப் போயிருந்தது. அதை அவள் இளம்பரிதியிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தாள்.

நடப்பது என்றால் சும்மா நடப்பதில்லை என்று இரண்டாம் நாளே தெரிந்தது. டாக்டர் எழுதியதையெல்லாம் யாரையோ பிடித்துத் தமிழில் கேட்டுக்கொண்டு, கண்ணப்பன் கேன்டீனில் வகுப்பு எடுத்தார்.

"ஓநாயி ஓடிகினே இருக்காதும்மா. நிதானமா, ஒரே சீரா நடக்கும். ஒரே ராத்திரில மலை தாண்டி மலை போவும். ஆனா சும்மா செங்குத்தா ஏறாது. மலைமேல மோடு இருக்கும் பாரு, அது மேலயே போவும். இல்லன்னா ஆத்தோரமா போவும். ரோடு கீதுன்னா ரோட்டுலயே போவும்."

"நம்மள மாதிரிதான் சார்."

"ஆனா மனுஷன் இருக்கற எடத்துக்குப் போவாது. வந்த வழிலயே திரும்பாது. எல்லைய சுத்தி சுத்தி வரும். எல்லைல அங்கங்க நின்னு..." கண்ணப்பன் சாம்பார் வாளியைப் பார்த்தார். "மோப்பத்துக்கு ஒண்ணுக்கு அடிச்சு வெக்கும்."

"சார்!"

"நீ நின்னா போதும்மா. சும்மா நில்லு. மிச்சத்த டாக்டரு புரிஞ்சுக்குவாரு."

மலை வரைபடத்தின் மேல் ஒரகடத்தை வைத்து ஒரு படம் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் பிரவீனாவுக்குத் தலை சுற்றியது. டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பு, அங்கே மனிதக் காலே படாத பைன் காடு. மேம்பாலம், ஓநாய் விரும்பி நடக்கும் முகடு. சிப்காட் தொழிற்பேட்டையில் விட்டுப்போன காலி மனை, ஆடுகூட மேயாத முள்ளுக்காடு, அங்கே மக்கள் நெருக்கமாக வாழும் கிராமம். ஆகவே அவள் ஆளே இல்லாத காலி மனையைக் கண்டால் பயந்து ஒதுங்கி நெடுந்தூரம் சுற்றிப் போக வேண்டும். நெரிசலான சந்திப்பில் நிம்மதியாக உலாவ வேண்டும். நம் பக்கத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது குன்றத்தூர் முருகன் கோயில் மலை ஒன்றுதான். அது அந்த மலைத்தொடரிலேயே சமதளமான ஒரே இடத்தில், பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தில் போய் விழுந்திருந்தது.

காலை ஷிப்டு முழுக்க நடப்பாள். அங்கே அது விடியும் முன்னும் விடிந்த பின்னும், ஓநாய்க்கு உகந்த நேரம். ஷிப்டு முடிந்ததும் பட்டை அம்மன் படத்துக்கு முன்னால் போய்விடும், ஓநாய் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டையை அசைக்கும் பொறுப்பு செக்யூரிட்டி எல்லப்பனுக்கு. அவர் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போய், தினத்தாளை முழுசாகப் படித்துவிட்டுத் திரும்புவார். ஒன்றாம் நம்பர் ஓநாய் ஏழு நாளுக்கு ஒருமுறை ஒரே பாறைக்குப் போய் நெடுநேரம் சிந்தனையில் இருக்கிறது என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

ஒரு நாள் பிரவீனா மறந்துபோய்ப் பட்டையைக் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் பிள்ளைப்பாக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். மலையில் ஓநாய் பேய்வேகத்தில் சரிவில் இறங்கி, நடுநடுவே ஆள் இறக்க நின்று, ஒரு ஏரிக்கரையில் இரவைக் கழித்தது. பனிச்சரிவில் மாட்டிச் சறுக்கியிருக்கும், எப்படியோ பிழைத்துவிட்டது என்று டாக்டர் முடிவுக்கு வந்தார். மறுநாள் காலை அதே வேகத்தில், அதே இடங்களில் நின்று நின்று, அது மலை ஏறித் திரும்பியது. அதற்கு அவரிடம் விளக்கம் இல்லை. ஒரு வாரம் மெயிலே போடவில்லை.

நடக்க நடக்கப் பிரவீனாவுக்கு ஒன்று புரிந்தது. இங்கேயும் எல்லாமே எல்லைதான். நீலக் கார்டு தொங்கும் கம்பெனி ஆட்கள், பச்சைக் கார்டு காண்ட்ராக்ட் ஆட்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார மாட்டார்கள். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு எல்லப்பன், அவர் கையில் ஒரு விசில். இரண்டு ஓநாய்க் கூட்டங்களின் எல்லைக்கு நடுவே கொஞ்சம் நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும், சண்டைக்குப் பயந்து இரு பக்க ஓநாயும் அங்கே நெருங்காது, மான்களுக்கு அதுதான் பிழைக்கும் இடம் என்று டாக்டர் எழுதியிருந்தார். இங்கே இரண்டு காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவில் அப்படி ஒரு சந்து இருந்தது. அங்கே எந்த விசிலும் ஊதாது. வெள்ளாடுகள் மேயும், லைனில் காதலிக்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான் பேசுவார்கள். வாந்தி வரும்போதெல்லாம் பிரவீனா அந்தச் சந்துக்குத்தான் போனாள்.

அசல் ஓநாயைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அது கழுத்தில் வெறும் பிளாஸ்டிக்கோடு, எவர் கண்ணிலும் படாமல், தன் இஷ்டத்துக்கு எங்கோ திரிந்துகொண்டிருந்தது. அதன் கதையை எழுத ஆளில்லை, அதற்கு அதனால் நஷ்டமும் இல்லை.

மாசி பிறந்தபோது ஒன்றாம் நம்பரின் புகழ் கம்பெனியைத் தாண்டிவிட்டது. வேறெந்த ஓநாயும் இப்படித் தெளிவாக எல்லை காக்கவில்லை என்று டாக்டர் கூட்டங்களில் பேசினாராம். எச்.ஆர். ஐஸ்வர்யாவுக்கு விஷயம் தெரிந்தது. குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் கறாரான பெண். கண்ணப்பன் தொலைந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஐஸ்வர்யா அவரைப் பாராட்டினாள். ஓநாய்க்குத் தனி டிபார்ட்மெண்ட் திறந்தாள், வருகைப் பதிவு போட்டாள், அந்த மாதத்தின் சிறந்த பணியாளர் பலகையில் ஓநாயின் படத்தை மாட்டினாள். நடக்கிறவளுக்கு ஒரு ஜோடி ஷூ கேட்டார் கண்ணப்பன். காண்ட்ராக்டுக்கு ஷூ கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

பிரவீனாவால் முன்போல நடக்க முடியவில்லை. தொளதொள வெள்ளைக் கோட்டு வயிற்றை மறைத்தது, களைப்பை மறைக்கவில்லை. மேம்பாலம் ஏறுவதை விட்டாள். சந்திப்பு வரை போவதையும் விட்டாள். காம்பவுண்டுக்குள்ளேயே சின்னச் சின்னச் சுற்றாகச் சுற்றினாள். அடிக்கடி பாத்ரூமுக்குப் போனாள். மலையில் பாத்ரூம் இருந்த இடத்தில் ஓர் ஓடை.

ஒரு காலை கண்ணப்பன் கையில் லட்டு டப்பாவோடு லைன் லைனாக ஓடினார்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ! டாக்டரு மெயில் போட்டுகிறாரு. ஓநாயி முழுவாம கீதாம்!"

பிரவீனா ஒரு லட்டை எடுத்துக்கொண்டாள். ஒரே இடத்தில் சுற்றுகிறது, நீர் இருக்கும் இடத்தை விட்டு நகர்வதில்லை, குகை தேடுகிறது, சித்திரைக் கடைசியில் குட்டி போடும் என்று டாக்டர் எழுதியிருந்தாராம். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அவளுக்குச் சொன்ன தேதியும் சித்திரைக் கடைசிதான். பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்ததை, கண்ணால் பார்க்காத ஒரு ஆள் எங்கோ மலையிலிருந்து கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் லட்டோடு சேர்த்து விழுங்கினாள்.

ஐஸ்வர்யா அதோடு விடவில்லை. ஓநாய்க்கு வளைகாப்பு என்று அறிவித்தாள். கான்பரன்ஸ் ஹாலில் கோலம், வாழைமரம், கலந்த சாதம் ஐந்து வகை. பட்டுத்துணி விரித்த சுழல் நாற்காலியில் கழுத்துப்பட்டை. அது சாயாமல் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள் பிரவீனா. நலங்கு வைக்க, அஞ்சு பிள்ளை பெற்ற கேன்டீன் சந்திரம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பட்டைக்குச் சந்தனம் பூசினார், குங்குமம் வைத்தார், வளையலை எடுத்தார். எங்கே மாட்டுவது?

"இதுல நிக்க மாட்டுதே. ஆண்டெனால மாட்டினா நழுவுது. நீ கைய காட்டுமா" என்று பிரவீனாவின் கையைப் பிடித்து இழுத்தவர், கோட்டு விலகியதும் அப்படியே நின்றார். வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"அடிப்பாவி! இது உனக்குப் பண்ண வேண்டியதாடி?"

சந்திரம்மாள் யாரையும் கேட்கவில்லை. டஜன் டஜனாக வாங்கி வைத்திருந்த வளையல் அத்தனையையும் அவள் இரண்டு கையிலும் அடுக்கினார், கன்னத்தில் சந்தனத்தைப் பூசினார். பிரவீனா வாய்விட்டு அழுதாள். பேக்கிங் பெண்கள் நாலு பேர் சேர்ந்து அழுதார்கள். நாற்காலி சுழன்றது, பட்டை கீழே விழுந்தது. மலையில் ஓநாய் ஏதோ பள்ளத்தில் குதித்ததாகப் பதிவாயிற்று.

ஐஸ்வர்யா பிரவீனாவைத் தனியே கூப்பிட்டாள். குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பிரவீனா, ஐ ஆம் ஹாப்பி ஃபார் யூ. பட் நீங்க காண்ட்ராக்ட். மெட்டர்னிட்டி லீவ்லாம் உங்க ஏஜென்சி விஷயம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்போ ஓநாயி மேடம்?"

"ஓநாய்க்கு லீவ் அப்ரூவ் ஆயிடுச்சு. டாக்டர் சொன்னபடி ஆறு மாசம்." சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் தடுமாறினாள். "பட்டை உங்ககிட்டயே இருக்கட்டும். வேற ஒருத்திகிட்ட கொடுத்தா நடை மாறிடும், டாக்டருக்கு டவுட் வரும். டெலிவரி ஆனப்புறம் உங்க வேலைய பாக்கலாம்."

பார்க்கலாம் என்ற அந்தச் சொல்லை இந்த முறை பிரவீனா நம்பவில்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். தாய் வீடு மணிமங்கலம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. வரைபடப்படி படப்பைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒன்றாம் நம்பரின் எல்லை முடிந்து, வேறொரு பெரிய ஓநாய்க் கூட்டத்தின் எல்லை தொடங்குகிறது. அடுத்த கூட்டத்தின் எல்லைக்குள் தனியாக வரும் ஓநாயைக் அந்தக் கூட்டத்து ஓநாய்கள் கடித்துக் குதறிவிடுமாம். கண்ணப்பன் பஸ் ஸ்டாப் வரை வந்து கெஞ்சினார்.

"பிரவீனா, சொன்னா கேளு. அந்தாண்ட போனா அதுங்க கொன்னுடும்மா."

"எது சார் கொன்னுடும்?"

"ஓநாயிங்க."

"படப்பைலயா?"

பிரவீனா கை நிறைய வளையலோடு பஸ் ஏறினாள். அங்கே மலையில், ஒரு கர்ப்பிணி ஓநாய் எதிரிகளின் நிலத்தை நேர்க்கோட்டில் கடந்து, அவர்களுடைய நட்டநடு இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. டாக்டர் மூன்று பக்கத்துக்கு மெயில் எழுதினார். இந்தத் துணிச்சலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று முடித்திருந்தார். எதிரிக் கூட்டம் ஏன் சும்மா இருந்தது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லையாம்.

சித்திரைக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. இளம்பரிதி நாக்பூரில் நின்ற டிரெய்லரிலிருந்து வீடியோவில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிரவீனாவின் அம்மா கிளியம்மாள் வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர். அவர் புடவையில் தூளி கட்டினார். அந்தத் தூளிக் கயிற்றில் பட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள் பிரவீனா. தூளி ஆடும்போதெல்லாம் பட்டையும் ஆடியது. குகைக்குள் அசைவு தெரிகிறது, குட்டி பிறந்துவிட்டது, பால் குடிக்கிறது என்று டாக்டர் கொண்டாடினார். குகையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எந்த மனிதனும் போகக்கூடாது, தாயை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது, அது தானாக வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார். தாயும் குட்டியும் நலமென்றால் பெரிய ஆர்டரில் அடுத்த திங்கட்கிழமையே கையெழுத்து.

அதைக் கண்ணப்பன்தான் போனில் சந்தோஷமாகச் சொன்னார். அன்று சாயங்காலமே ஏஜென்சியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, கம்பெனிப் பொருளை நல்ல நிலையில் ஒப்படைக்கவும். பிரவீனா அதை இரண்டு முறை படித்தாள். மூன்று வருஷம் அவள் நடந்ததே இல்லை என்று ஆகிவிட்ட மாதிரி இருந்தது. மார்பில் பால் கட்டியது. எழுந்து போய் தூளிக் கயிற்றிலிருந்து பட்டையை அவிழ்த்தாள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே இருந்த பலகையில் அதை வைத்தாள். அசையாமல் வைத்தாள்.

மறுநாள் காலை கம்பெனி காரில் கண்ணப்பனும் ஐஸ்வர்யாவும் மணிமங்கலத்துக்கு வந்தார்கள். பட்டையை வாங்கிப்போய், ஓநாய்க்குப் புதிதாக எடுத்த பெண்ணிடம் கொடுக்க வேண்டுமாம். குட்டி போட்ட ஓநாய்க்கு நடை மாறினால் டாக்டர் சந்தேகப்பட மாட்டாராம். பஸ் நிறுத்தத்தில் இறங்கி வழி கேட்கப் பிரவீனாவுக்குப் போன் செய்தார்கள்.

"அங்கியே நில்லுங்க சார். ஒரு கிலோமீட்டருக்கு இந்தாண்ட வரக்கூடாது. டாக்டரு சொல்லிகிறாரு."

"ஏம்மா, விளையாடறியா?"

"நேத்து சாயங்காலம் பட்டைய கழட்டி வெச்சேன் சார். அசையவே இல்ல. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அசையலன்னா இன்னா ஆவும்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

போன் கை மாறியது. பிறகு ஐஸ்வர்யாவின் குரல் வந்தது.

"பிரவீனா, திஸ் இஸ் நாட் ரைட். அது கம்பெனி ப்ராபர்ட்டி."

"தொடல மேடம். பத்திரமா வெச்சிகிறேன். அதை ஆட்டறதுதான் என் வேலை. வேலைலதான் நான் இல்லியே."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"பர்மனெண்ட் ஆர்டர். ஓநாய்க்குக் குடுத்த லீவு எனக்கும்."

கார் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரகடத்துக்கு ஓடியது. மத்தியானம் திரும்பி வந்தது. பஸ் நிறுத்தத்தில் கிளியம்மாள் போய் நின்று உறையை வாங்கிக்கொண்டு வந்தார். பிரவீனா பிரித்துப் பார்த்தாள். நிரந்தரப் பணி நியமனம், விடுப்பு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெயர் என்ற இடத்தில் 'அலகு எண் ஒன்று' என்று இருந்தது. ஓநாய் டிபார்ட்மெண்டில் இருந்த ஒரே பெயர் பட்டையின் அந்த நம்பர்தான், கம்ப்யூட்டர் அதை எடுத்துப் போட்டுவிட்டது.

பிரவீனாவுக்கு அழுகை வரவில்லை. இந்த முறை கோபம் மட்டும்தான் வந்தது.

"இத கொண்டும்போய் அவங்க கைல குடும்மா. என் பேர போட்டு எடுத்துகினு வரச் சொல்லு" என்றாள்.

"விட்டுடேண்டி. வேலை கெடச்சா சரி, பேர்ல இன்னா கீது?" என்றார் கிளியம்மாள்.

"நடந்தது நானு. வாந்தி எடுத்தது நானு. பெத்தது நானு."

கிளியம்மாள் மகளைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். கார் மறுபடியும் ஒரகடத்துக்குப் பறந்தது. வெயில் இறங்கியது. குழந்தை விழித்து அழுதது, பால் குடித்தது, தூங்கியது. மாதா படத்துக்குக் கீழே பட்டை கிடந்தது. பிரவீனா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். கார் வராவிட்டால் ஆர்டர் போகும், கண்ணப்பன் வேலை போகும், தனக்கும் ஒன்றும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை பலகைப் பக்கம் போகவில்லை.

தெருவிளக்கு எரியும் நேரத்தில் கிளியம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தார். உறையில் புதுத் தாள். பெயர்: இ. பிரவீனா. பதவி: ஓநாய். பதவியை மாற்றச் சொல்லி இன்னொரு முறை அனுப்ப நேரமில்லை, அவளுக்கு அப்படித் தோன்றவும் இல்லை. பட்டையை எடுத்து, அதிலிருந்த பழைய சந்தனத்தைத் துடைத்துவிட்டு, தூளிக் கயிற்றில் கட்டினாள். தூளியை ஒரு ஆட்டு ஆட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் போன் அடித்தது. டாக்டர் கையெழுத்துப் போடுவதாக எழுதிவிட்டாராம். கண்ணப்பன் போனில் கத்தினார்.

"பிரவீனா, ஓநாயி உயிரோட கீதும்மா!"

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பிரவீனா சொன்னாள்.

"கீறேன் சார்."